அப்பீல் காலத்துப் பால்

என் மாமனாரைக் கொன்ற வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தார்கள். அந்த மூவரில் ஒருவனுடைய மனைவியிடம்தான், அப்பீல் முடியும்வரை, என் கைக்குழந்தைக்குப் பால் வாங்கினோம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ராஜபாளையத்தில் வேறு மாடே இல்லையா?" என்று என் மருமகள்கூடக் கேட்டிருக்கிறாள். மாடுகளுக்கு என்ன குறைச்சல்? என் மகனுடைய வயிறுதான் ஒத்துழைக்கவில்லை.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். மாமனார் பஞ்சு வியாபாரி. அறுப்பின் பண்டிகைக்கு வீட்டோடு கோவிலுக்குப் போயிருந்தோம். அவர் மட்டும் காய்ச்சலில் பின்கட்டு அறையில் படுத்திருந்தார். திரும்பி வந்தபோது கட்டிலுக்கடியில் இருந்த நகைப்பெட்டியைக் காணவில்லை. அவர் முகத்தின் மேல் தலையணை கிடந்தது. தலையணையை எடுத்தவள் நான்தான். அன்றைக்கே என் மார்பில் பால் வற்றிப் போயிற்று.

பிடிபட்ட வெளியூர்க்காரர்களில் ஒருவன் அப்ரூவராக மாறினான். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், கிழவர் காய்ச்சலில் கிடக்கிறார், பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது என்று துப்புக் கொடுத்ததே உங்கள் பால்காரன்தான், அவனுக்கும் பங்கு உண்டு என்றான். தினமும் எங்கள் பின்வாசலுக்கு மாட்டை ஓட்டி வந்து, கண்ணெதிரே கறந்து கொடுத்தவனைப் போலீஸ் கட்டி இழுத்துப் போனது.

கைக்குழந்தைக்கு ஒரே மாட்டுப் பால்தான் கொடுக்க வேண்டும், மாற்றினால் வயிறு கெடும் என்பார்கள். மாற்றிப் பார்த்தோம். கெட்டது. பிள்ளை கழிந்து கழிந்து வதங்கிப் போனான். கடைசியில் மாமியாரே, "அந்த மாட்டையே கொண்டாரச் சொல்லு, மனுசரப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். பால்காரனின் மனைவி மாட்டோடு வந்தாள். என்னைவிடச் சின்னவள்.

கொலைகாரர்கள் நுழைந்த அதே பின்வாசலில்தான் அவள் உட்கார்ந்து கறந்தாள். பாலில் எதையாவது கலந்துவிடுவாளோ என்று நான் அவள் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். செம்பிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

"அவிய இந்த வீட்டப் பத்தி யார்ட்டயும் வாயத் தொறந்திருந்தா, இந்தப் பாலு எனக்கு வெசமாப் போகட்டும் தாயி" என்று சொல்லிக் குடித்தாள்.

மறுநாளும் அப்படியே செய்தாள். அதற்கு மறுநாளும்.

"சத்தியம் பண்ணாதட்டி, எங்க வேதத்துல அது பாவம்" என்று மாமியார் அதட்டினார். அதட்டினாரே தவிர, விடிந்ததும் நிலைப்படியில் வந்து நின்றுகொள்வார். அந்தச் சத்தியத்தைக் காதில் வாங்கினால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் நான் சாட்சி சொன்னேன். பெரியவருக்குக் காய்ச்சல் என்பது பால்காரனுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், நான் கஞ்சி கொடுக்கும்போது சன்னல் வழியாகப் பார்த்தான் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் வண்டியேறினேன். மறுநாள் காலையில் மாடு வழக்கம்போல வந்து நின்றது.

மதுரையில் செஷன்ஸ் கோர்ட் மூவருக்கும் தூக்கு என்றது. அப்பீல் சென்னைக்குப் போனது. அந்த மாதங்களை எப்படிக் கடத்தினேன் என்று கேட்காதீர்கள். பால்காரன் தூக்கில் தொங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், ஒளிப்பானேன்? ஆனால் காலையில் அவள் முகத்தைப் பார்த்தால் தொங்கக் கூடாதென்றும் இருக்கும். என் கணவரோ அவள் போகும்வரை முன்கட்டை விட்டு நகர மாட்டார்.

ஒருநாள் கறந்துகொண்டே கேட்டாள். "செயிலுக்குப் போயிருந்தேன் தாயி. எங்கிட்ட மட்டுமாச்சும் நெசத்தச் சொல்லுங்கன்னேன். நான் யார்ட்டயும் ஒரு வார்த்த பேசலன்னுட்டாவ. அம்புட்டுப் போதும் எனக்கு. அப்பீலு என்னாச்சுன்னு ஒங்களுக்கு ஏதும் தாக்கல் தகவலு வந்துச்சா?"

"வரலை" என்றேன்.

பிறகு தீர்ப்பு வந்தது. உள்ளே புகுந்த இருவருக்கும் தூக்கு உறுதி. பால்காரன் விஷயத்தில் அப்ரூவரின் வாய்வார்த்தையைத் தவிர வேறு ஆதாரமில்லை, சதியில் பங்கு நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. என் கணவர் கையிலிருந்த தம்ளரைச் சுவரில் வீசினார். மாமியார் மட்டும், "அந்தப் புள்ள சொன்னது பொய்யில்ல" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைக் கணவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

விடுதலையாகி வந்த மறுநாள் காலையில் அவனே மாட்டை ஓட்டி வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். கூட வந்த அவள் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டியபடி, என் மகனைப் பார்த்து என்னென்னமோ கொஞ்சினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

அவள் கறக்க உட்கார்ந்தபோது மாமியார் நிலைப்படிக்கு வந்தார்.

"ஏலே, கோர்ட்டு ஒன்னய விட்டுருச்சு. நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. நெசத்த மட்டும் சொல்லு. நாங்க கோவிலுக்குப் போறதும், அவிய காய்ச்சலாக் கெடக்கதும் அவனுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். இனி யாராலும் அவனை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

"நாந்தாம்மா சொன்னேன். கள்ளுக்கடையில பேச்சுவாக்குல சொல்லிட்டேன். பெட்டியப் பத்தியும் சொன்னேன். பங்கு கிங்கெல்லாம் பேசலம்மா. இப்பிடிச் செய்வானுகன்னு எனக்குத் தெரியாது."

செம்பில் பால் விழும் சத்தம் நின்றது. அவள் கை மாட்டின் மடியிலேயே இருந்தது.

"எங்கிட்ட இல்லன்னீகளே" என்றாள். "செயிலுக்கு வந்து அத்தன தடவ கேட்டேனே."

"சொன்னா நீ இங்க வந்து நிப்பியாட்டி? நீ தெனம் வந்து கறந்ததுனாலதான ஊரு என்னய நம்புச்சு."

அவள் எழுந்தாள். பாதி நிறைந்த செம்பை என் காலடியில் வைத்தாள். மாமியாரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளையிலருந்து வேற மாடு பாத்துக்கோங்க தாயி" என்று என்னிடம் சொன்னாள்.

கன்றை அவிழ்த்தாள். அவன் மாட்டுக் கயிற்றுக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு, தன் வீடு இருந்த தெருவுக்குத் திரும்பாமல், தாய்வீட்டுக்குப் போகும் தேவதானம் பாதையில் நடந்தாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"நான் எங்கிட்டுப் போவேன் தாயி?" என்று என்னைக் கேட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.