மாடிக்கு வந்த ஆள்காட்டி

தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த சேகர் இன்று காலை மாடியிலிருந்து ஓடி வந்தார்.

“சார், மேல ஒரு குருவி கீது. மண்டையிலயே கொத்த வருது!”

ஏறிப் பார்த்தேன். தொட்டியின் பக்கத்தில், கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லிக்கு நடுவே, அதே நிறத்தில் நாலு முட்டைகள். மேலே ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு வட்டமிட்டது. ஏரிக்கரைத் தரையில் முட்டையிட்ட பறவை, கரையெல்லாம் வீடுகளான பிறகு மாடிக்கு ஏறிவிட்டது.

தொட்டியைத் திறந்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

“இன்னொரு நாள் வரீங்களா?” என்றேன்.

“அதுக்குள்ள உங்க தண்ணில மீனே வளரும் சார். ஹோஸ் குடுங்க, வெளிய உட்டுக்கலாம்.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலையை முடித்தார். குருவி கடைசிவரை விடவில்லை.

“குந்திகினு கீறது ஓசி எடம், வாயப் பாரு!” என்றார் அதனிடம்.

சின்ன வயதில், கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து அப்பா ஏரிக்கரை வழியாகத்தான் வருவார். ஆளைக் கண்டு கத்தும் இந்தக் குரல் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். கல் காய்வதற்குள் அப்பா வாசலில் நிற்பார்.

இன்று மாலையும் அது கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

குஞ்சு பொரிக்கும்வரை துணியைப் பால்கனியில் காயப்போடும்படி குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் என் மனைவியுடையது.

உங்கள் மாடியில் யார் குடியிருக்கிறார்கள்?