டப்பாவுக்குத் தெரியாத மூடுபனி

இரண்டு குவளை தே தாரிக், அதாவது நுரை பொங்கும் பால் தேநீர், ஆற்றுவார். உடனே கைப்பேசியை எடுத்துத் தன் கூரையைப் பார்ப்பார் ஜலால். கூரை அவர் தலைக்கு மேல்தான் இருக்கிறது. இருந்தாலும் கைப்பேசியில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"இப்ப ஆயிரத்து எரநூறு வாட், சார். நல்ல வெயில்லா," என்பார், யாரும் கேட்காமலே.

தானா ராத்தா என்ற மலையூரில் ரொட்டி சானாய்க் கடை அவருடையது. பின்னாலேயே வீடு, நடுவிலுள்ள கதவு எப்போதும் திறந்திருக்கும். கூரையில் எட்டு சூரியத் தகடுகள், படிக்கட்டின் கீழ் பேட்டரி. எல்லாவற்றையும் மேய்ப்பது சீட்டுக்கட்டு அளவிலான ஒரு குட்டிக் கணினி. காலி மார்ஜரின் டப்பாவில் அதை வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, அடுப்படிச் சன்னலோரம் மாட்டியிருக்கிறார். எப்போது துணி துவைப்பது, எப்போது குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது என்று டப்பாதான் முடிவு செய்யும். கடையின் விலைப்பலகையை ஐந்து வருடமாகத் தொடாத மனிதர், டப்பாவுக்குள் இருக்கும் நிரலை வாரம் இரண்டு முறை மாற்றுவார்.

போன மாதம் மனைவி ஹஃபீசாவின் அக்கா குடும்பம் பினாங்கிலிருந்து வந்திருந்தது. மதியம் வெயில் வரும், அப்போது தண்ணீர் காய்ச்சலாம் என்று டப்பா காத்திருந்தது. அதுவரை துணி துவைத்தே பேட்டரியைக் காலி செய்தது. வந்ததோ மூடுபனி. சுடுதண்ணீருக்குச் சூரிய மின்சாரம் மட்டும்தான் என்பது ஜலாலின் பிடிவாதம். வீட்டிலிருந்த ஆறு பேரும் ஐஸ் தண்ணீரில் குளித்தார்கள்.

டப்பாவை நோண்டியபோது குட்டு வெளிப்பட்டது. முதலில் அடிவாரத்துத் தாப்பாவிலுள்ள தம்பி வீட்டில் வைத்துப் பழகியவர், டப்பா வானிலை பார்க்கும் ஊரின் பெயரை மாற்ற மறந்திருக்கிறார். மலையடிவாரத்து வெயிலை நம்பி மலைமேல் உட்கார்ந்திருந்தது டப்பா.

"அக்கா முன்னாடி மானத்த வாங்கிடுச்சு. வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குள்ள கழட்டிருங்க. இல்ல, நானே குப்பத் தோங்ல போட்டுருவேன்," என்றார் ஹஃபீசா.

அந்த வாரம் ஜலால் என் தேநீரில் இரண்டு முறை பால் ஊற்ற மறந்தார். எனக்கே பாவமாக இருந்தது. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு அவர் ஆசையாக வளர்த்தது அது ஒன்றுதான். ஊர்ப் பெயரைத் திருத்தினார். ஆனால் இந்த மலையில் ஒரு தெருவில் வெயிலடிக்கும், அடுத்த தெருவில் பனி இறங்கும். அதற்கு என்ன செய்வது?

வியாழக்கிழமை, பளிச்சென்ற வெயிலில் ஹஃபீசா கொடியிலிருந்து துணிகளை எடுத்தார்.

"ஏன் இப்பவே எடுக்கிற? வெயில் இருக்கே?" என்றார் ஜலால்.

"எதுத்தாப்ல தேயில மல டவர் பனியில மறைஞ்சிருச்சு பாருங்க. அர மணி நேரத்துல இங்க வந்துரும்லா."

சொன்னபடியே வந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு போன ஜலால் டப்பாவைக் கழற்றவில்லை. அதன் மூடியில் ஒரு சிவப்புப் பொத்தானைப் பொருத்தினார். அமுக்கினால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, டப்பா உடனே தண்ணீர் காய்ச்சும்.

"டவர் மறைஞ்சா நீ அமுக்கு. இனிமே அது ஒன் பேச்சத்தான் கேக்கும்," என்றாராம்.

நேற்று நான் போனபோது கடை வாசலில் வெயில் கொட்டிக் கிடந்தது. உள்ளே ஹஃபீசா கறிபாப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து சன்னல் வழியே எதிர்மலையைப் பார்த்தார்; டவரைக் காணவில்லை. முழங்கையால் பொத்தானை அமுக்கினார். டப்பாவில் மாவு ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவிவிட்டு வந்து, தலையில் போட்டிருந்த துடோங்கின் நுனியால் அதைத் துடைத்தார்.