வெந்நீர் வாங்காத ஒரே ஆள்

அந்தரத்தில் ஒரு கார்

புத்தம் புது மோட்டார் கார் ஒன்று, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, கடல் தண்ணீருக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தொங்க விட்டவன் நான். கீழே, கப்பல் அணையும் மேடையான ஜெட்டியில், காரின் சொந்தக்காரர் குடும்பத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். திருவொற்றியூர்ப் பக்கம் மில் வைத்திருந்த முதலாளி அவர். பக்கத்தில் ஒரு குருக்கள், அவர் கையில் கற்பூரத் தட்டு. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம், சுற்றி உடைக்கப் பூசணிக்காய் எல்லாம் தயார். அன்று வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்கு முன் சக்கரம் தரையில் பட்டாக வேண்டும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கப்பலிலேயே இருக்கும் டெரிக் என்ற தூக்குமரத்தில் இறக்கினால் கீறல் விழும் என்று அவரே கேட்டு வாங்கியது என் கிரேனை. அந்தக் கிரேனில் இப்போது ஸ்டீம் இல்லை.

இன்று துறைமுக வேலைக்கு வரும் பிள்ளைகள் பட்டனைத் தட்டினால் கிரேன் சுற்றுகிறது. நான் சொல்வது ஐம்பதுகளின் தொடக்கம். கப்பல் வந்து நிற்கும் பக்கத்து பெர்த்துகளில் எலக்ட்ரிக் கிரேன் வந்துவிட்டது. எனக்கு வாய்த்தது தண்டவாளத்தில் நகரும் கிழட்டு நீராவிக் கிரேன். முதுகில் ஒரு பாய்லர், அதற்குக் கரி போட ஒரு பயர்மேன். தூக்க ஸ்டீம் வேண்டும், சுற்ற ஸ்டீம் வேண்டும். இறக்க மட்டும் பிரேக் போதும். காரைத் தூக்கிப் பாதி சுற்றிய இடத்தில் ஸ்டீம் படுத்துவிட்டது. பிரேக்கைத் தளர்த்தி இறக்கலாம்தான். இறக்கினால் கார் கடலில் முழுக்குப் போடும்.

பயர்மேன் காதர் பாயிடம், "பாய், ஸ்டீம் எங்கே?" என்றேன்.

"என்னை இன்னாத்துக்குக் கேக்குறே நைனா? ஊருக்கெல்லாம் வெந்நீர் ஊத்திக்கினு இருந்தது நீதானே. கிளாஸ்ல பார்த்தா தண்ணி அடியில கீது. பச்சத் தண்ணி வுட்டேன். ஸ்டீம் எறங்கிப்போச்சு. இனிமே ஏறும்போதுதான் ஏறும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. பாய்லரில் சூடான தண்ணீரை எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை விட்டால் எந்த பாய்லரும் அப்படித்தான் செய்யும். கீழே இருப்பவர்களுக்கு எச்சரிக்கையாகச் சீட்டி ஊதிப் பார்த்தேன். சளி பிடித்த குழந்தை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மணி ஒன்றரை தாண்டியது. குருக்கள் நல்ல சமயோசிதக்காரர். முதலாளியிடம், "சக்கரம் பூமியில படாதவரைக்கும் ஒரு தோஷமும் இல்லை. மூணு மணி வரைக்கும் அது ஆகாசத்துலயே இருக்கட்டுமே" என்றார். முதலாளிக்கும் அது சம்மதமாகப்பட்டது. கப்பல்காரனுக்குச் சம்மதமில்லை. அவன் மேல்தட்டில் நின்று புரியாத பாஷையில் புரிகிற மாதிரி திட்டினான். எங்கள் சூப்ரண்டு சார் ஓடி வந்து, "எப்போ ஸ்டீம் ஏறுதோ அப்பவே இறக்கு" என்று கத்தினார். ஸ்டீம் ஏறியது. சரியாக நட்ட நடு ராகுகாலத்தில் காரைக் கரையில் வைத்தேன். ஒரு கீறல் இல்லை. அதைப் பாராட்டத்தான் ஆள் இல்லை.

வெந்நீர் வந்த வழி

எங்கள் ஜெட்டியில் கரிக்கப்பலும் வரும். கரியைக் கூடையில் சுமப்பது பெரும்பாலும் காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் பெண்கள். வேலை முடிந்து போகும்போது அவர்கள் உடம்பில் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவான். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கரி போகாது, இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

கன்னியம்மா என்று ஒருத்தி. என்னைவிட வயதில் மூத்தவள். ஒரு நாள் தகர டின்னை நீட்டி, "நைனா, உன் அடுப்புல வெந்நீர் கீதாமே. கொஞ்சம் ஊத்தேன். வூட்டுக்குப் போனா என் கொழந்தையே என்னைப் பார்த்து அழுவுது" என்றாள். பாய்லரின் 'டெஸ்ட் காக்' குழாயைத் திறந்து டின்னை நிரப்பினேன். அவள் முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோதுதான் அவள் மூக்குத்தி போட்டிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரிந்தது.

ஒரு டின் வெந்நீர். அதில் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன். மறுநாள் அவள் தங்கையையும் கூட்டி வந்தாள். அடுத்த நாள் தங்கையின் நாத்தனார் வந்தாள். பிறகு டீ போட வாட்ச்மேன், காலில் ஒத்தடம் கொடுக்கச் சரக்குத் தூக்கும் கலாசி என்று என் கிரேன் ஒரு வெந்நீர்க் கடையாகிவிட்டது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் மகராசனாம், என் வம்சம் தழைக்குமாம். வாழ்த்து வாங்க எனக்கும் கசக்கவில்லை. காதர் பாய் மட்டும், "வம்சம் தழைக்கும் நைனா, ஸ்டீம்தான் தழைக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே கரியைத் தள்ளுவார்.

ஒரே ஒருவருக்குத்தான் நான் கொடுக்கவில்லை. அவர் டாலி கிளார்க் வரதன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிறவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கரிப் பெண்கள் எதிரே வந்தால் பத்தடி தள்ளிப் போவார். "கலீஜ், கலீஜ்" என்று வாய் ஓயாது. ஒரு நாள் ஜெட்டியில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, பளபளக்கும் பித்தளைச் சொம்போடு கிரேன் அடியில் வந்து நின்றார். "ஷேவ் பண்ணணும்ப்பா, கொஞ்சம் வெந்நீர் விடு" என்றார். அவர் கலீஜ் என்று சொன்னது என் காதில் இருந்தது. "பாய்லர் தண்ணி யாருக்கும் தர்றதில்லை சார். ரூல்" என்றேன். சொம்பு வந்த வழியே திரும்பிப் போனது. அந்தச் சந்தோஷத்தில் அன்று முழுக்க எனக்கு நல்ல பசி.

அந்த வியாழக்கிழமை கரிக்கப்பல் ஒன்று மத்தியானத்தில் காலியாயிற்று. அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் முகம் கழுவ வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கார்.

சாட்சி சொல்ல வந்தவர்கள்

முதலாளி சும்மா இருப்பாரா? மேலிடம் வரைக்கும் போய்விட்டார். சூப்ரண்டு சார் என்னைக் கூப்பிட்டு, ஜெட்டி முழுக்க ஈரமும் டின்னுமாகக் கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். "பாய்லர் தண்ணியை வெளியாளுக்கு ஊத்தினது நிரூபணமானா வேலை போச்சு. நாளைக்கு விசாரணை" என்றார்.

நான் அப்போது டெம்பரரி. எத்தனையோ வருஷமாக டெம்பரரி. பர்மனென்ட் ஆகும் நேரம் நெருங்கியிருந்தது. வீட்டில் என் மனைவி ராஜம்மாள் முழுகாமல் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "ஊர்ல கீற பொம்பளைங்களுக்கெல்லாம் வெந்நீர் ஊத்துன. என்னிக்காச்சும் எனக்கு ஒரு சொம்பு காய்ச்சிக் குடுத்துக்கிறியா?" என்றாள். நான் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் என் கட்சி ஒன்றே ஒன்று. கரி மட்டம், அதனால் ஸ்டீம் நிற்கவில்லை. அன்று வந்த கரி உண்மையிலேயே மட்டம்தான். காதர் பாயும் அதையே சொன்னார். சூப்ரண்டு சார் பாதி நம்பினார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அதற்குள் வாசலில் ஒரே சலசலப்பு.

கன்னியம்மா தலைமையில் கரிப் பெண்கள் திரண்டு வந்திருந்தார்கள், என்னைக் காப்பாற்ற.

"சார், அது மனுசன் இல்ல, தெய்வம்" என்று ஆரம்பித்தாள் கன்னியம்மா. "டெய்லி எனக்கு ஒரு டின்னு வெந்நீர் ஊத்தும். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. அத்தப் போயி வேலைய விட்டுத் தூக்குறீங்களே, நல்லாக்கீதா?"

எனக்கு நாற்காலி இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கன்னியம்மாவின் தங்கைக்கு, அக்காவைவிடத் தனக்கு நன்றி குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை. "எனுக்கு ரெண்டு டின்னு சார்" என்றாள். நாத்தனார் இரண்டு பேரையும் தாண்ட வேண்டுமே. "எங்க வூட்டுல அத்தினி பேரும் இந்த அண்ணன் ஊத்துன வெந்நீர்லதான் சார் தலைக்கு ஊத்திக்கினோம்" என்றாள். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். ஓதிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

சூப்ரண்டு சார் பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரதன் உள்ளே வந்தார். பெண்கள் மேல் படாமல் நுழைய அவர் பட்ட பாடு தனிக் கதை.

"சார், இவனைப் பத்தி நானும் ஒரு கம்ப்ளெயின்ட் சொல்லணும். ரொம்பத் திமிர் பிடிச்ச ஆள். ஷேவ் பண்ண ஒரு சொம்பு வெந்நீர் கேட்டேன். பாய்லர் தண்ணி யாருக்கும் கிடையாது, ரூல் அப்படின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான் சார். ஒரு கிளார்க்குன்னு மரியாதை வேணாமா?"

சூப்ரண்டு சார் பேனாவைக் கீழே வைத்தார். "ரூல்னு சொன்னானா?"

"ஆமா சார். வாய் கூசாம சொன்னான்."

"உமக்குத் தரலை, சரி. இவங்களுக்கெல்லாம் தர்றானா இல்லையா?"

வரதன் திரும்பிப் பார்த்தார். வாசலில் அத்தனை பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை. தினமும் பார்த்தவர்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை அன்றோடு முடிந்தது. ஆனால் கரி சுமக்கும் பெண்களுக்குக் கிடைத்தது கிளார்க் வரதனுக்குக் கிடைக்கவில்லை என்று ஆபீஸில் ஆபீசர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கே தராதவன் சார். இவங்களுக்கா தரப்போறான்?"

கன்னியம்மா வாயைத் திறந்தாள். சூப்ரண்டு சார் கையைக் காட்டி அடக்கினார். "போதும்மா. நீங்க சொன்ன டின்னையெல்லாம் கூட்டினா அந்த பாய்லர் மூணு வேணும். புகழ்ந்து பேச ஆள் கூட்டிட்டு வரலாம், திட்ட எவனும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வரமாட்டான். திட்டினவரைத்தான் நான் நம்புறேன்" என்றார். கரி மட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வரதன் பக்கம் திரும்பினார். "டூட்டி நேரத்துல டாலியை விட்டுட்டு சொம்பு எடுத்துட்டு கிரேன் அடிக்கு எதுக்குப் போனீர்? நாளைக்கு எழுத்து மூலமா பதில் வரணும்."

வரதன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

யார் காப்பாற்றியது

வெளியே வந்ததும் கன்னியம்மா, "பார்த்தியா நைனா, நாங்க மட்டும் வந்து சொல்லலேன்னா உன் கதி இன்னா ஆயிருக்கும்?" என்றாள். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். அந்தப் பெண்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு எனக்காக வந்தவர்கள். அவர்களிடம் என்ன சொல்ல? "ஆமாக்கா, நீங்கதான் காப்பாத்துனீங்க" என்றேன். தங்கைக்காரி மட்டும், "கரி மட்டம்னு சொல்லிட்டியேண்ணா, நாங்க தூக்குன கரி" என்று கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டாள்.

வெந்நீரை நிறுத்தவில்லை. நேரத்தை மாற்றிக்கொண்டேன். தூக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் டின் நிரம்பும். பர்மனென்ட் ஆர்டர் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. பெண் பிறந்தாள். காதர் பாய் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார், ஏதோ அவருக்கே பேத்தி பிறந்த மாதிரி.

விசாரணைக்கு மறுநாள் காலையில் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர் பிடித்து, துண்டால் மூடி, வரதன் உட்காரும் ஷெட்டுக்கு நானே எடுத்துப் போனேன். அவர் சூப்ரண்டு சாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஷேவிங்குக்கு சார்" என்றேன்.

"கொண்டு போ."

"சூடு ஆறிடும் சார்."

இப்போது நிமிர்ந்தார். "இதோ பாரு. நீ யாருக்கும் தர்றதில்லைன்னு ஆபீசர் முன்னாடி சொல்லியிருக்கேன். உன்கிட்ட இன்னிக்கு வாங்கினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். கொண்டு போப்பா."

கொண்டுபோனேன். அவர் ரிட்டயர் ஆகும் வரை நாங்கள் ஒரே ஜெட்டியில்தான் வேலை பார்த்தோம். என் பாய்லருக்குக் கூப்பிடு தூரத்தில், ஷெட் தூணில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மார்கழிக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் ஷேவ் செய்வார். பிளேடு இழுத்து அவர் முகம் கோணுவது மேலே என் சீட்டிலிருந்து தெரியும்.

நல்லது செய்தால் பலன் உண்டா என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள், உங்களிடம் வாங்கிக்கொண்டவர்களைச் சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். உள்ளே வேறொன்று இருக்கிறது. நான் கொடுத்த வெந்நீரெல்லாம் சேர்ந்து என்னைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. என் குடும்பம் சாப்பிட்ட சோறு, நான் வெந்நீர் தராத ஒரு மனிதர் போட்டது. அவருக்குக் கடைசிவரை என்னால் ஒரு சொம்பு கொடுக்க முடியவில்லை.