அந்தப் பக்கத்து நடைபாதை

நியூஜெர்சியில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்கு முன்னால் ஒரு பெரிய சாலை. அதைத் தாண்டினால் வேறு ஊர், வேறு நகராட்சி. கோயம்புத்தூரில் என்னோடு கல்லூரியில் படித்தவள் அங்கே சொந்த வீட்டில் இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் இருவருக்கும் கைக்குழந்தை.

அவள் ஊர்க்காரர்கள் எப்போதோ ஓட்டுப்போட்டு, வீட்டு வரியைக் கூட்டிக்கொண்டு, தெருவெல்லாம் நடைபாதை போட்டு மேப்பிள் மரங்கள் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் சரளைக்கல்தான். பால் வாங்கப் போனால் மகளை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலரின் பாதி தாரிலும் பாதி சரளையிலும் உருளும். லாரி கடந்தால் மகள் வீரிட்டு அழுவாள். எதிரே தோழி மர நிழலில் ஒற்றைக் கையால் தன் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போவாள். எனக்கு வயிறு எரியும்.

"இந்தப் பக்கம் வந்து நடடி. நாங்க டேக்ஸ் கட்டிப் போட்டதுதான், ஆனா உன்னை யாரும் ஸ்டாப் பண்ண மாட்டாங்க" என்றாள் ஒருநாள். அதன்பிறகு நான் சாலையைத் தாண்டவே இல்லை.

எங்கள் ஊரிலும் அப்படியொரு வரி பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். "நமக்கு கிரீன் கார்டே வரலை. ஓட்டா போடப் போறோம்?" என்றார் கணவர்.

"நாம குடுக்கற வாடகையிலயும் அந்த டேக்ஸ் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெரியவர், இந்த ஊரில் யாரும் நடப்பதில்லை, எதற்கு வீண் வரி என்றார். நான் எழுந்துவிட்டேன். "நான் நடக்கிறேன். தினமும், இவளோடு" என்றேன் எனக்கு வந்த ஆங்கிலத்தில். ஊர்நலமெல்லாம் அப்போது என் மனதில் இல்லை. தோழியின் தெரு மரங்கள்தான் இருந்தன. பின்வரிசையில் கைத்தடி வைத்திருந்த ஒரு அம்மாள், "நானும் நடக்கிறேன்" என்றார்.

நவம்பரில் நடந்த ஓட்டெடுப்பில் வரி கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த கோடையில் சிமெண்ட் நடைபாதை போட்டார்கள். மகள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

தோழி பார்க்க வந்தாள். "நல்லா அகலமா போட்டிருக்காங்க. ஆனா மரம்னு சொல்லி குச்சிய நட்டிருக்காங்களே!" என்று சிரித்தாள். அவள் சொன்னது உண்மைதான், அதனாலேயே சுருக்கென்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. "எங்க சைடு போயிடலாமா?" என்றாள்.

"வேண்டாம். இங்கயே நடக்கலாம்" என்றேன்.

வேர்த்துக் கொட்டக் கொட்ட, கடைவரை அவளை நடத்தியே கூட்டிப்போனேன்.