இருநூற்றுப் பத்து கிராம்

போன மாசம் ஒரு நாள், படூரில் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினதும் காரில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை மாதிரி ஒரு படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. நான் இன்ஜினை அணைத்து ஓரம் கட்டின வேகத்தைப் பார்த்து என் மனைவி பயந்தே போனாள். "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, ஏன் நிறுத்தினீங்க?" என்றாள். ஓடும்மா, ஓடும். அது ஓடுகிற ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சர்வீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆயில் பிரஷர்லாம் ஓகே சார். சென்சார்தான் போயிருக்கு" என்றார். மொத்தம் ரெண்டு நிமிஷம். எனக்கு வயிறு எரிந்தது. இதே கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் ஒரு வருஷத்தையும் ரெண்டு இன்ஜினையும் தொலைத்தோமே! அவர் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தார். சூடான ஆயில் வாசனை ஜிவ்வென்று ஏறியது. அப்புறம் நான் படூரிலேயே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்தில், கல் சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், சலீமின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கால்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருஷங்களில் சலீமின் மிச்ச பாகங்களை நான் பார்த்தது குறைவு. மனிதன் எந்நேரமும் தன் ரேஸ் காருக்கு அடியில்தான் கிடப்பான். செங்கல்பட்டு பஜாரில் அவர்களுக்கு ஹார்டுவேர் கடை. அவன் அப்பா, அவன் வாயில் அத்தா, கல்லாவில்; சலீம் கவுன்டரில். நான் கரூர்ப் பக்கத்து ஆள், கல்பாக்கத்தில் சர்க்கார் வேலை, பிரஷர் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் உத்தியோகம். என் ஸ்கூட்டருக்கு ஒரு போல்ட் வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் வேலையைச் சொல்லித் தொலைத்தேன். "பிரஷர் மீட்டரா? உன்னத்தான் மச்சான் தேடிகினு கீறேன்" என்று கவுன்டரைத் தாண்டி வந்துவிட்டான். போல்டை மறந்தே போனேன்.

கார் என்றால் நம் வீட்டுக் கார் மாதிரி இல்லை. இரும்புக் குழாயில் ஒரு கூடு, மேலே ஃபைபர் தொப்பி, ஒருத்தர் மட்டும் படுத்த வாக்கில் உட்காரலாம். முதுகுக்குப் பின்னால் சின்னக் குடும்பக் காரிலிருந்து எடுத்த மூணு சிலிண்டர் இன்ஜின். அதன் சக்திக்கு மேலே அதட்டி ஓட வைக்க முடியாது, அதனால் காரின் எடையைக் குறைப்பதுதான் ஒரே வழி. இது எங்களுக்கு வெறியாகவே ஆகிவிட்டது. சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்து நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். அந்த வாரம் காரிலிருந்து யார் எதைக் கழற்றினோமோ, அதை ஆணி நிறுக்கிற கடைத் தராசில் வைப்போம். சலீமின் மனைவி நசீமா தூக்குவாளியில் பிரியாணி அனுப்புவாள். எங்கள் போட்டியைக் கேள்விப்பட்டு வேண்டுமென்றே ஒரே ஒரு அவித்த முட்டை வைப்பாள். அதிக கிராம் கழற்றினவனுக்கு முட்டை. நான் ஒன்றும் சாப்பாட்டுக்கு அலைகிறவன் இல்லை, ஆனால் அந்த முட்டைக்காக ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

இப்படி எல்லாம் இனிமையாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் முதல் இன்ஜின் போனது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டிராக்கில் பிராக்டிஸ். ஏழாவது சுற்றில் டக் டக்கென்று சத்தம், புகை, முடிந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பேரிங் கருகிப்போய் கிடந்தது. எண்ணெய் போய்ச் சேரவில்லை. ஆயில் பம்ப்தான் சொதப்பல் என்று புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையிலிருந்து வேறு இன்ஜின், புது பம்ப். அதுவும் நாலு மாசத்தில் அதே மாதிரி போனது. அப்புறம் கனமான ஆயில் ஊற்றினோம். பிரஷரைக் கூட்ட பம்பின் வால்வு ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்தோம். சலீம், நான் காரில் மாட்டியிருந்த மீட்டரையே சந்தேகப்பட்டான். எனக்கு வந்ததே கோபம்! ஆபீசில் நாலு தடவை சோதித்த மீட்டர், அது பொய் சொன்னால் நான் பொய் சொன்ன மாதிரி. ரெண்டு சனிக்கிழமை கொட்டகைப் பக்கமே போகவில்லை.

அடுத்த சந்தேகம் கல் தூசி. பக்கத்துப் பட்டறையில் விடிந்ததிலிருந்து உளி சத்தம், மாவு மாதிரி தூசி பறக்கும். அதுதான் இன்ஜினுக்குள் போய் அடைக்கிறது என்று சண்டைக்குப் போனோம். அந்தச் சிற்பி ஒரு யானையின் காதில் வேலையாக இருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தூசில முப்பது வருசமா நான் உக்காந்துகினு கீறேன். என் இன்ஜினு நல்லாத்தான கீது?" என்றார். கல் தூசியையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுத் திரும்பினோம்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அப்போது நிலைமை விளையாட்டாக இல்லை. மூணாவது இன்ஜின்தான் கடைசி. சலீமின் மாமா சவுதியிலிருந்து விசா அனுப்பி வைத்திருந்தார். சலீம் அத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்: அடுத்த ரேஸில் இதுவும் போனால் காரை விற்றுவிட்டு ஃபிளைட் ஏறிவிடுவது. நசீமா அப்போது ஆறு மாசம் முழுகாமல் இருந்தாள். நான் ரொம்ப புத்திசாலியாக, அவளுக்கு இந்தக் கார் சனியன் ஒழிந்தால் போதும் என்றுதான் இருக்கும் என நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாளியைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குப் போனபோது வாசல்படியில் நிறுத்தினாள்.

"ண்ணா, இந்த இன்ஜினு புட்டுக்காம தாங்கி நிக்கணும்."

"பாத்துட்டுத்தாம்மா இருக்கோம்."

"காருக்காவ சொல்லல. அது நின்னுச்சுன்னாத்தான் இவரும் இங்க நிப்பாரு. எனக்கு போட்டோல பாக்கற புருசன் வாணாம்."

அன்றைக்கு கல்பாக்கம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

எங்கள் பேஜாரு என்னவென்றால், கொட்டகையில் நிற்க வைத்து எவ்வளவு முறுக்கினாலும் ஆயில் பிரஷர் (அதையும் கிலோவில்தான் சொல்வோம்) நாலு கிலோவில் ஜம்மென்று நின்றது. டிராக்கில் எங்கேயோ ஒரு இடத்தில் விழுகிறது, எங்கே என்று தெரியவில்லை. சலீமைக் கேட்டால், "வளைவுல நான் ரோட்டப் பாக்கறதா, உன் மீட்டரப் பாக்கறதா?" என்பான். நியாயம்தானே. அப்போதுதான் எனக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற மணியின் ஞாபகம் வந்தது. மணி சலீமோடு கிரிக்கெட் ஆடுகிறவன். மீட்டரைக் கழற்றி சலீமின் தலைக்குப் பின்னால், இன்ஜின் பக்கத்தில் மாட்டினேன். மணியின் கேமராவைத் தலையணையில் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் மீட்டரைப் பார்த்தபடி கட்டினோம். கிராம் கிராமாகக் குறைத்த காரில் மூணு கிலோ கேமரா! மணி வேண்டாத சாமியில்லை. "மச்சான், நாளைக்கு முகூர்த்தம் கீது" என்று டிராக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினான்.

சாயங்காலம் செங்கல்பட்டில் சலீம் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதலில் யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகப் பாயசம் குடித்தார்கள். பிறகு திடீரென்று என் மீட்டர், திரை முழுக்க, நடுங்கிக்கொண்டு. ஓரத்தில் கொஞ்சம் ரோடு தெரிந்தது. நேர் ரோட்டில் முள் நாலில் நின்றது. கடையிலிருந்து வந்த அத்தாகூடச் சட்டையைக் கழற்றாமல் பார்த்தார். மூணாவது சுற்றில் நசீமாதான் சொன்னாள்.

"சோத்தாங்கைப் பக்கம் திரும்பசொல்லத்தான் வுழுது."

ரீவைண்டு பண்ணிப் பார்த்தோம். சத்தியமாக அப்படித்தான். இடது வளைவில் முள் அசையவில்லை. நீளமான வலது வளைவு வந்தால் நாலு, ரெண்டு, ஒண்ணு, சைபர்.

"கொழம்பு சட்டிய எடுத்துகினு வெடுக்குனு திரும்பினா கொழம்பு அந்தப் பக்கம் ஒதுங்குதுல்ல, அந்த மாதிரியா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டு முடிக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. டீ குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கிற தொட்டிக்கு சம்ப் என்று பேர். அதில் முங்கியிருக்கிற ஒரு குழாய் வழியாகத்தான் பம்ப் எண்ணெயை உறிஞ்சும். இன்ஜின் ரெண்டு தடவை மாறினாலும் சம்ப் மட்டும் பழசையே கழற்றிக் கழற்றி மாட்டினோம். ஏனென்றால் அது லேசானது. ஏன் லேசானது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் இன்ஜின் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, சலீம் இல்லாத நேரத்தில் கொட்டகைக்கு வந்து, போட்டிக்கு வேறு ஒன்றும் கிடைக்காமல் சம்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே குறுக்கே ஒரு தகடு. கம்பெனிக்காரன் எதற்கோ பழக்க தோஷத்தில் வைத்திருக்கிறான் என்று நினைத்து, கிரைண்டரால் அறுத்து எடுத்தேன். மறுநாள் தராசில் இருநூற்றுப் பத்து கிராம். முட்டை எனக்கு. சலீம் கைதட்டினான். அது எதிலிருந்து வந்த தகடு என்று அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! சத்தமில்லாமல் ஒரு தகட்டைப் பற்ற வைத்துவிட்டு, பம்பின் மேல் பழியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படித்தான் செய்வது என்று முடிவு பண்ணிக்கொண்டே சனிக்கிழமை போனேன். சலீம் நான் வருவதற்கு முன்பே சம்பைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, உறிஞ்சு குழாயை உள்ளே பொருத்திச் சாய்த்துப் பிடித்திருந்தான். எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. குழாயின் வாய் அந்தரத்தில் நின்றது.

"பாரு மச்சான், வெறும் காத்தக் குடிக்குது!" அவனுக்கு ஒரே குஷி. "நடுவுல ஒரு தடுப்பு வெச்சா வேல முடிஞ்சுது. இம்மாம் பெரிய கம்பெனி, அவனுக்கு இது தோணல பாரேன்!"

"தோணுச்சுடா" என்றேன். "வெச்சிருந்தான். நான்தான் அறுத்து எடுத்தேன்."

சலீம் சம்பை மெதுவாகத் தரையில் வைத்தான். ஒரு சொட்டு சிந்தாமல் வைத்தான், அதுதான் எனக்கு பயமாக இருந்தது. வெளியே போய் அந்தக் கல் யானையின் பக்கத்தில் நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி நசீமா முகத்தில் எப்படி முழிப்பது என்பது தவிர வேறு நினைப்பு இல்லை. திரும்பி வந்தான்.

"எத்தினி கிராமு?"

"இருநூத்திப் பத்து."

"அன்னிக்கு முட்டைய வேற தின்னல்ல?"

"தின்னேன்."

"நீயெல்லாம் மனுசனா மச்சான்" என்றான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், சிற்பி உளியோடு வந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். "அழுது முடிச்சிட்டு கிரைண்டர எடு" என்றான். முன்னூறு கிராமில் நல்ல தடியான தகடாக வெட்டிப் பற்ற வைத்தோம்.

ரேஸ் அன்று எல்லோரும் ஜெயிக்கிற கோட்டுப் பக்கம் நின்றார்கள். நான் அந்த வலது வளைவின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. சலீம் நாலாவதாக வந்தான். எஸ்டிடி பூத்திலிருந்து நசீமாவுக்கு போன் போட்டால், எத்தனாவது வந்தார் என்று அவள் கேட்கவில்லை. "நின்னுச்சா?" என்றாள். நின்னுச்சும்மா என்றேன். அதோடு போனை வைத்துவிட்டாள். அந்த விசாவில் சலீமின் தம்பி போனான். பெண் குழந்தை பிறந்தபோது சலீம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் கிரீஸோடு நின்றான்.

அதற்கப்புறம் ஆறேழு வருஷம் சனிக்கிழமை தவறவில்லை. ரெண்டாயிரம் தாண்டி எனக்கு வடக்கே பிரமோஷனோடு மாற்றல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் எழுதவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். சலீம் வழக்கம்போல காருக்கு அடியில் இருந்தான், கால்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பேனர் சத்தம் நின்றது.

"நான் சவுதிக்குப் போவாம நிறுத்தறதுக்கு நீயும் நசீமாவும் இருந்தீங்க" என்றான் அடியிலிருந்தே. "உன்ன நிறுத்தறதுக்கு நான் இன்னா மச்சான் பண்ணணும்?"

ரெண்டே வருஷம்தான்டா என்றேன். பதினெட்டு வருஷம் ஆனது.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு ஓட்டல், வாசலில் நீச்சல் குளம். காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் வாங்கிப் போனதாகக் கேள்வி. படூரிலிருந்து செங்கல்பட்டு முக்கால் மணி நேரம்தான். இருந்தும் திரும்பி வந்த இத்தனை வருஷத்தில், அந்த விளக்கு எரிந்ததற்கு அடுத்த சனிக்கிழமைதான் முதல் தடவையாகப் போனேன். கடை அப்படியே இருக்கிறது, கல்லாவில் சலீம். எழுந்து வந்து கட்டிப் பிடித்தான். டீ வந்தது. சர்க்கரை வியாதி, பேரன், மகளின் வீட்டு லோன் எல்லாம் பேசினோம். பேச்சு தீர்ந்து ரெண்டு பேரும் தெருவைப் பார்த்தோம். பிறகு ஆளுக்கொரு போனைப் பார்த்தோம். மணி நாலரைகூட ஆகவில்லை. கிளம்பறேன்டா என்றேன்.

"சரி மச்சான்" என்றான். இரு என்று அவன் சொல்லவில்லை.