டிக்கியில் ஏறிய சீர்

கார் வாங்கப் போன அன்று விற்பனைக்காரர் தொடுதிரையைக் காட்டினார், ஸ்பீக்கர்களைக் காட்டினார், ஒரு பாட்டையும் ஓட விட்டார். நான் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். ஆட்டோவில் கொண்டுபோயிருந்த சக்கர நாற்காலியை மடித்து உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன். மூடியது. அதற்கு முன் பார்த்த வண்டிகளில் எல்லாம் சக்கரம் இடித்துக்கொண்டு மூட மாட்டேன் என்றது. "இதையே எடுத்துக்கிறோம்" என்றேன். நிறம் என்ன என்று அவர் கேட்ட பிறகுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

நாற்காலி என் கணவருடையது. மதுரை ரிங் ரோட்டில் நடந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனால் கைகளில் பலம் உண்டு. நாற்காலியை முன்கதவை ஒட்டி நிறுத்தி, நடுவே ஒரு வழவழப்பான பலகையை வைத்து, கைகளை ஊன்றித் தானே சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். நான் நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்து ஸ்டியரிங்கில் உட்காருவேன். இறங்கும்போதும் அப்படியே. யாரும் அவரைத் தொட வேண்டியதில்லை.

தொடுவது அவருக்குப் பிடிக்காது என்பதைவிட, தூக்குவது பிடிக்காது என்று சொல்வதுதான் சரி. வேட்டிக்குள் காலோடு சேர்த்து ஒரு மூத்திரப்பை கட்டியிருக்கும். அதன் குழாய் இழுபட்டால் ரத்தம் வரும், காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரி வரும். ஆஸ்பத்திரியைக்கூடப் பொறுத்துக்கொள்வார். நாலு பேர் முன்னால் வேட்டி விலகி அந்தப் பை தெரிவதை அவரால் பொறுக்க முடியாது. அதனால் தூக்கித்தான் போக வேண்டும் என்றால் அந்த இடத்துக்கே போக மாட்டார். இது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். என் தம்பிக்கு நன்றாகவே தெரியும்.

என் தம்பி உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறான். பாசக்காரன். அவனுடைய பாசத்தைப் பற்றிச் சொன்னால் ஊரே தலையாட்டும். ஒரு தடவை எங்கள் காரின் பின்சீட்டில் வந்தவன், கம்பெனி கொடுத்த மியூசிக் செட்டைக் கேட்டுவிட்டு, "என்னக்கா, கொசு ரீங்காரம் போடுற மாதிரி இருக்கு" என்றான். என் கணவர் சிரித்தார். பழைய பாட்டுகளைச் சன்னமாக வைத்து, கூடவே முணுமுணுத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். அவருக்கு அது போதும். எனக்கும் போதும்.

போன ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். உசிலம்பட்டியைத் தாண்டி எங்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது பிள்ளையைப் பெற்றவர்கள் பந்தல் வாசலில் நின்று எதிர்கொண்டு அழைக்க வேண்டும். என் கணவர் அதற்காகவே காத்திருந்தார். வாசலில் மேடு பள்ளம் இல்லாமல் மண்ணைச் சமப்படுத்தித் தரச் சொல்லிக் கோயில் ஆட்களுக்கு அவரே போன் செய்தார். முந்தின நாள் நாற்காலியின் சக்கரக் கம்பிகளை எல்லாம் துடைத்தார். "மாப்ள சீரோட வாரப்ப நான் உருட்டிக்கிட்டு முன்னால போயி கையப் பிடிச்சுக் கூட்டியாரணும்" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் ஒரு விசேஷத்துக்கு ஆசையோடு கிளம்பியது அதுதான் முதல் தடவை.

அந்த முந்தின நாள் மாலையே தம்பி வந்து கார் சாவியைக் கேட்டான். "வண்டியக் கழுவி, மாலை போட்டு, ஜோடிச்சுக் காலையில கொண்டாறேன். சீருக்கு முன்னால நம்ம வண்டிதான் போகணும்." கொடுத்தேன். மாமன்காரன் கேட்கிறான், எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

காலையில் கார் வந்தது. தெரு முனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா பின்சீட்டில் பழத்தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல டிக்கியைத் திறந்தேன். உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய ஒரு பெரிய பெட்டி. அதில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு இரண்டு வூஃபர் ஸ்பீக்கர்கள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தன. பின்சீட்டின் முதுகில் ஆம்ப்ளிஃபயரைத் திருகி வைத்திருந்தார்கள். முன்னாலிருக்கும் பாட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு வயர், கால்மிதிக்கு அடியில் புகுந்து அதுவரை ஓடியது. நாற்காலி வைக்க இடமில்லை. ஒரு குடையை வேண்டுமானால் சொருகலாம்.

"எப்படிக்கா?" என்றான் தம்பி. முகமெல்லாம் பல். "இதுவும் சீருதான். மச்சான் வெளியில தெருவுல போக முடியாம உக்காந்திருக்காரு, பாட்டாவது நல்லாக் கேக்கட்டும்னு போட்டேன்."

"நாற்காலிய எங்கடா வைக்கிறது?"

"அது பின்னால லோடு வண்டியில வரட்டும்க்கா. ஆட்டுக்கிடா, வாழைத்தாரு எல்லாம் அதுலதான வருது."

"லோடு வண்டி சீரோடதான வரும்? அதுக்கு முன்னால மச்சான் எப்படி இறங்குறது?"

"நாங்க இல்லையா? தூக்கிற மாட்டோம்?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தட்டுகளை எல்லாம் இறக்கு, நாற்காலியைப் பின்சீட்டில் போடு என்று கத்தினேன். ஜோடித்த தட்டை நடுவழியில் இறக்கக் கூடாது என்று அம்மா மறித்தாள். "நல்ல நேரம் போகுதுடி, நாளும் கிழமையுமா வாயத் தொறக்காத" என்றாள். மகள் பட்டுப்பாவாடையோடு அழ ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் என்னைப் பார்த்து, "விடு, போவோம்" என்றார். விட்டேன். பலகையை வைத்து முன்சீட்டில் ஏறினார். அவர் கண்ணெதிரே அவருடைய நாற்காலியை யாரோ ஒருவர் பின்னாலேயே வந்திருந்த லோடு வண்டிக்குள் எறிந்தார்.

செக்கானூரணியைத் தாண்டுகிற வரை தம்பி சத்தத்தைக் குறைக்கவே இல்லை. பாட்டில் என்ன வார்த்தை என்று தெரியவில்லை, டம் டம் என்று இடுப்பெலும்பில் இடி மட்டும் விழுந்தது. "அதிருதா மச்சான், அதிருதா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். உணர்வில்லாத காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்கிறான். அவர் குழாயை ஒரு கையால் வேட்டியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றார்.

கோயிலில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் அவரைத் தூக்கி, பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். அதுவரை நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டே கூடப் போனேன். பிறகு தம்பி சீரை அழைத்துவரக் காரோடு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்தே இடி கேட்டது. முன்னால் எங்கள் கார், பின்னால் வேட்டு, அதற்குப் பின்னால் தட்டுகள், கடைசியில் லோடு வண்டி. எல்லோரும் வாசலுக்கு எழுந்து போனார்கள். நானும் ஆரத்தித் தட்டோடு வாசலில்தான் நின்றேன். என் கணவர் மட்டும் உள்ளே, சக்கரமில்லாத அந்த நாற்காலியில்.

அப்போதுதான் யாரோ, "அப்பன்காரன் வாசலுக்கு வர வேணாமா, தூக்குங்கடா" என்று குரல் கொடுத்தார்கள். இளவட்டங்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். சப்பரம் தூக்குவது போல, பாட்டுக்கு ஏற்றபடி குலுக்கிக்கொண்டு ஆடி வந்தார்கள். "வேணாம், இறக்குங்க" என்று அவர் சொன்னது வாயசைவில் தெரிந்தது. நானும் கத்தினேன். அந்த இரண்டு வூஃபர்களுக்கு மேல் எங்கள் குரல் எங்கே கேட்கும்? வேட்டி விலகியது. பை ஆடியது. குழாய் இழுபட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர்கூடப் போனைத் தாழ்த்தவில்லை. சிரித்த முகங்கள் எனக்கு இன்னும் அடையாளம் தெரியும். வழியில் பார்த்தால் பேசுவதில்லை.

லோடு வண்டி கடைசியாக வந்து நின்றது. நாற்காலியின் மேல் வாழைத்தார் கிடந்தது. அதன் கைப்பிடியில் ஆட்டுக்கிடாவைக் கட்டியிருந்தார்கள்.

காதுகுத்து நடந்தது. மகள் மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டாள். கறிச்சோறு பந்தி நடந்தது. என் கணவர் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் ரத்தம். ஒரு வாரம் மருந்து, காய்ச்சல். அந்த ஒரு வாரத்தில் அவர் பேசிய வார்த்தைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வீட்டில் அவரிடம் டியூஷன் படிக்கும் மாணவர்கள் வந்து வந்து திரும்பினார்கள்.

தம்பிக்குப் போன் செய்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அழுதான். "ஆசையாப் போட்டதக் கழட்டச் சொல்றியேக்கா" என்றான். அம்மா போனைப் பிடுங்கி, "தாய்மாமன் சீரத் திருப்பிக் குடுத்தா பொறந்த வீட்டு ஒறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம், தெரியும்ல?" என்றாள். ரத்தம் வந்ததைச் சொன்னேன். "அதுக்குப் பாட்டுப் பொட்டி என்ன பண்ணும்?" என்றாள். பாசம் என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் எதையும் செய்துவிடலாம் போலிருக்கிறது. செய்தவன் அழுவான், பட்டவன் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்டதும், பெட்டியைப் பொருத்திய கடைக்கே காரைக் கொண்டுபோனேன். மதுரையில்தான் பொருத்தியிருக்கிறான். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். "புதுச் சாமானுக்கா. கேக்குறதுக்கு எம்புட்டு நல்லா இருக்கும்?" என்றார். நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் கழற்ற ஆரம்பித்தார். கம்பெனி வயர்களை அறுத்து ஒட்டுப்போட்டிருந்ததால் பின்னால் ஒரு ஸ்பீக்கர் அதோடு ஊமையாகிவிட்டது. சிவப்பு வயர் போன வழியில் ஒரு ஓட்டை. இருக்கட்டும் என்று பெட்டியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"உசிலம்பட்டிக்குப் போயி அவன் வீட்டுல இறக்கிட்டு வாரேன்" என்றேன். தனியாகப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். "நானும் வாரேன்" என்றார் அவர்.

தம்பி அந்த வருஷம்தான் புது வீடு கட்டியிருந்தான். கிரானைட் பதித்த உயரமான படிகள். வீடு குடிபோனபோது என் கணவர் போகவில்லை. இப்போது காரை வாசலில் நிறுத்தி, டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்தேன். அவர் பலகையில் நகர்ந்து இறங்கி, தானே உருட்டிப் படியருகே போய் நின்றார். தம்பி ஓடி வந்தான். பின்சீட்டில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். என் கணவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மாப்ள, நீ ஆசையாச் செஞ்ச. எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு நான் எம்புட்டு அசிங்கப்பட்டேன்னு உனக்குத் தெரியாது. உன்னையக் கையப் பிடிச்சு நானே கூட்டியாரணும்னு இருந்தேன், முடியல. எனக்குச் சீரு செய்யணும்னா இந்தப் படிக்குப் பக்கத்துல ஒரு சரிவு கட்டிக் குடு. நானா ஏறி வந்து உன் வீட்டுல ஒரு காப்பி குடிக்கிறேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு வெகு காலமாகிவிட்டது. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். தம்பி விம்மிவிட்டான். குனிந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"என்ன மச்சான், இம்புட்டு நாள் மனசுக்குள்ளயே வச்சிருந்தீகளா?" என்றான். கண்ணைத் துடைத்தான். "சரிவு எதுக்கு மச்சான், நாங்க இம்புட்டுப் பேரு எதுக்கு இருக்கோம்?" பக்கத்து வீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டான். "டேய் மாப்ள, நாலு பேரு ஓடியாங்கடா! மச்சான் வீட்டுக்குள்ள வரணுங்கிறாரு, தூக்கணும்!"

அவர்கள் வருவதற்குள் இவர் நாற்காலியைத் திருப்பிக் கார்ப் பக்கம் உருட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பெட்டியை இழுத்து அந்தப் படியில் வைத்துவிட்டு, டிக்கியைத் திறந்தேன்.