ஈஸ்வரபாண்டியின் மூன்றாவது சென்சார்

கூடலூர் டாக்சி ஸ்டாண்டில் என் அக்கா விஜியின் கணவர் ஈஸ்வரபாண்டியின் காரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மற்ற வண்டிகளில் குமுளி மலைச்சேறு காய்ந்து கிடக்கும். அது மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நிற்கும். இத்தனை காலம் அடுத்தவர் வண்டி ஓட்டியவர் தனக்கென்று வாங்கிய முதல் வண்டி. "இனி எவன் ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டாலும் ஓடிப்போய் நிக்க வேண்டியதில்ல மாப்ள" என்று தோஹாவிலிருந்த எனக்குப் போனில் சொன்னார்.

இந்தத் தடவை லீவில் வந்தபோது அந்த வண்டி வாசலில் ஜாக்கிமேல் நின்றது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவில்லை. புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் தேக்கடி விடுதியின் கொச்சி ஏர்போர்ட் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும். அது போனால் தவணை கட்டி வண்டியை வைத்துக்கொள்ள வழியில்லை.

"மல்டிமீட்டரைப் பிடி மாப்ள" என்றார் வண்டிக்கு அடியிலிருந்து.

புகைக்குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குள் சின்ன ஹீட்டர் ஒன்று உண்டு. அது செத்தால் சென்சார் சரியாக வேலை செய்யாது. மச்சான் சாக்கெட்டைக் கழற்றி, ஒரே நிறத்திலிருந்த இரண்டு வெள்ளை வயர்களில் மீட்டர் முனைகளை வைத்தார். நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம்ஸ் மின்தடை காட்ட வேண்டும். திரையின் இடது ஓரத்தில் ஒற்றைக் கோடு மட்டும் நின்றது. முனை சரியாகப் படவில்லையோ என்று எனக்குப் பதற்றம். திரும்ப வைக்கச் சொன்னேன். அதே கோடு.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுன்னு காட்டுதே, நல்லதுதான?"

"அளக்க முடியலேன்னா இது இப்பிடித்தான் நிக்கும். உள்ள கம்பி அந்துபோச்சு."

"போன மாசமும் இதத்தான் சொன்னீக. அதுக்கு முந்தியும் இதத்தான் சொன்னீக. அந்த மீட்டரத் தூக்கி எறிஞ்சிட்டு சோசியரப் பாருங்க."

சாவியைப் போட்டு வண்டிப்பக்க சாக்கெட்டில் அளந்தோம். பன்னிரண்டு வோல்ட் வந்தது. வயரில் குற்றமில்லை. மூன்றாவது சென்சாரும் போய்விட்டது.

அதைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். உள்ளே எதுவோ கிலுகிலுத்தது. கம்பம் மெக்கானிக் ராஜா முகம்மதுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தையே கேட்க வைத்தார். ஸ்பீக்கரில் சிரிப்பு வந்தது.

"அண்ணே, நீங்க வண்டிய எங்கன கழுவுறீக?"

"வாய்க்கால்லதான் பாய். மலை இறங்குன கையோட."

"அடிப்பக்கமுமா?"

"அடியிலதான சேறு அதிகம்."

சிரிப்பு நின்றுபோனது. "கொதிக்கிற குழாயில பச்சத்தண்ணிய ஊத்துனா உள்ள இருக்கிற பீங்கான் வெடிச்சிரும்ணே. மூணையும் நீங்களேதான் கொன்னுருக்கீக."

மச்சான் போனை வைத்தார். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதுரையிலிருந்து புது சென்சார் வர வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. விளக்கு அணைந்தது, சான்றிதழும் கிடைத்தது. விடுதிக்காரர்கள் மட்டும், "வேற ஆளப் போட்டாச்சே சேட்டா" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் தோஹா திரும்பிய மறுவாரம் மச்சான் வண்டியை அஜய்குமார் என்கிற பையனுக்கு விற்றுவிட்டார். இப்போது ஏலக்காய் எஸ்டேட் ஒன்றின் பிக்கப் ஓட்டுகிறார். முதலாளி ஹாரன் அடித்தால் ஓட வேண்டும்.

நேற்று வீடியோ காலில் கூப்பிட்டபோது வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். போனைத் திருப்பிக் காட்டினார். அவருடைய பழைய கார். அஜய்குமார் கைலியை மடித்துக் கட்டி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தான். அடியிலிருந்து ஆவி எழும்பியது.

"நீங்க அவன்கிட்டச் சொல்லலையா மச்சான்?"

"சாவி குடுக்கும்போதே சொன்னேன். இப்பவும் சொன்னேன்." ஆவி அடங்கும்வரை போனை அப்படியே பிடித்திருந்தார். "இம்புட்டுத் தெரிஞ்ச ஆளு எதுக்குண்ணே வண்டிய வித்தீகன்னு கேக்குறான் மாப்ள."

பின்னால் எங்கோ ஹாரன் கேட்டது. படம் குலுங்கியது. அவர் ஓடுகிறார் என்று தெரிந்தது.